தீவின் தவளையும் திருவிதாங்கூர் மலையும்

பத்மநாபனைத் தொழுது மீளும் தமிழர், நேரம் வாய்க்குமாயின், திருவனந்தபுரத்து அருங்காட்சியகத்தையும் ஒருமுறை சுற்றி வருவர். 1857-ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட நிலையம் அது. சிஷோம் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த இப்போதைய மாளிகை 1880-இல் நிறைவுற்றது. அதன் கூரையையும் பலகணிகளையும் வியப்போர் பலர். ஆனால், 1894 முதல் 1904 வரை அதன் இயக்குநராயிருந்த ஹெரால்டு பெர்குஸனை நினைப்போர் மிகச் சிலரே. திருவிதாங்கூர் மலைகளில் தவளையும் பாம்பும் தேடித் திரட்டி, சாராயக் குப்பிகளில் இட்டு லண்டனுக்கு அனுப்பியவர் அவர். அங்கே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் புலெஞ்சர் என்னும் அறிஞர் அவற்றை அளந்து, செதில்களை எண்ணி, பிறவற்றோடு ஒப்பிட்டு, லத்தீன் பெயர் சூட்டினார். 1891-இல் ஒரு சிறு புதர்த்தவளை திருவிதாங்கூரின் பெயரைப் பெற்றது. 1896-இல், மண்ணுக்குள் வாழும் கேடயவாற் பாம்பொன்று பெர்குஸனின் பெயரையே பெற்றது.

ஒரு பிராணி காட்டில் வாழ்வது வேறு. விஞ்ஞான ஏட்டில் இடம்பெறுவது வேறு. மலைவாழ் மக்கள் அதனைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கலாம். எனினும், அதன் உடல் ஒன்று மாதிரியாகப் பாதுகாக்கப்பட்டு, அதன் இலக்கணம் எழுதி அச்சிடப்பட்ட பின்னரே அஃது ஓர் இனமென உலகம் ஒப்புகின்றது. அந்த முதல் மாதிரிதான் பின்வருவோர்க்கு உரைகல். அது தொலைந்துபோனால், மூலப்பத்திரம் இழந்த நிலத்தின் கதைதான்.

புலெஞ்சர் 1890-இல் வெளியிட்ட பெருநூல் இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய மூன்று நாடுகளின் ஊர்வனவற்றையும் தவளைகளையும் ஒன்றாகவே வைத்துப் பேசிற்று. ஆள்வோர்க்கு அது வசதி; தவளைகள் அந்த வசதியை அறியா. ஆயினும், இலங்கையின் உயிரினங்கள் தென்னிந்திய உயிரினங்களின் ஒரு துண்டே என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியதற்கு இத்தகைய நூல்களும் ஒரு காரணமென்றே நாம் கருதுகிறோம்.

இலங்கையிலேயே பிறந்த மருத்துவர் கெலார்ட், 1852-இல் தம் நாட்டு விலங்குகளைப் பற்றி நூல் எழுதினார். மறு ஆண்டு, நுவரெலியாவில் கண்ட ஒரு தவளைக்கு, விண்மீன் பதித்தது எனப் பொருள்படும் பெயரிட்டார். 1860-இல் அவர் கடற்பயணத்திடையே காலமானார். அத்தவளையின் மாதிரியும் தொலைந்தது. தவளையும் யார் கண்ணிலும் படவில்லை.

அவர் எழுதிய அந்நாளிலேயே மலைக்காடுகள் காப்பித் தோட்டங்களாக மாறிக்கொண்டிருந்தன. 1869-இல் காப்பிச் செடியில் இலைநோய் தோன்றியது. காப்பி வீழ்ந்த இடத்தில் தேயிலை ஏறிற்று. அக்காட்டை வெட்டிய கைகளில் பெரும்பாலானவை, பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சிக் கடல் கடந்த நம் தமிழ்க் கூலிகளின் கைகள். பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அவர்களைக் குறை சொல்லும் நா எழாது. வெட்டச் சொன்னவர்கள் வேறு.

இலங்கைப் புதர்த்தவளைகளுக்கு நீரில் நீந்தும் தலைப்பிரட்டைப் பருவம் இல்லை. ஈரமண்ணிலோ இலையிலோ இட்ட முட்டையிலிருந்து சிறு தவளையாகவே குஞ்சு வெளிவருகின்றது. ஆகவே அவற்றுக்குக் குளம் வேண்டா. நிழலும் ஈரமும் வேண்டும். காடு போயின், ஈரமும் போயிற்று.

1990-க்குப் பின்னர் ரோஹன் பெத்தியகொட, கேலும் மனமேந்திர ஆராச்சி, மாதவ மீகஸ்கும்புர முதலிய இலங்கை அறிஞர்கள் எஞ்சிய காடுகளை இரவிரவாகத் துருவினர். உருவத்தை மட்டும் நம்பாது, கூவும் ஒலியையும் மரபணுவையும் ஒப்பிட்டனர். ஒன்றெனக் கருதப்பட்டவை பலவாகப் பிரிந்தன. 2005-இல் சிங்கப்பூர் ஆய்விதழொன்றில் 35 புதிய புதர்த்தவளைகள் ஒருங்கே பெயர் பெற்றன.

மகிழ்ச்சி அம்மட்டே. அவர்கள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் பழங்குப்பிகளையும் திறந்து பார்த்தனர். காட்டில் எங்குத் தேடியும் அகப்படாத தவளைகள் அங்கே கிடந்தன. 1876-க்கு முன் பிடிக்கப்பட்டு லண்டனில் ஊறிக்கிடந்த இரண்டு இனங்கள் 2007-இல்தான் பெயர் பெற்றன. பெயர் பெற்றபோதே அழிந்த இனங்களாகப் பெயர் பெற்றன. பிறப்புப் பதிவும் இறப்புப் பதிவும் ஒரே தாளில்! இவ்வாறு இலங்கையில் அழிந்தவையென எண்ணப்படும் தவளையினங்கள் பதினைந்துக்கு மேல். குப்பி மட்டும் இல்லையேல், இழந்தது இன்னதென்று சொல்லவும் நமக்கு வழியில்லை.

கெலார்டின் விண்மீன் தவளைக்கோ நல்லூழ் இருந்தது. 2009-இல் மெண்டிஸ் விக்கிரமசிங்கவும் குழுவினரும் சிவனொளிபாத மலைக்காட்டில் அதனை உயிரோடு கண்டனர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அது தன் போக்கில் கூவிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

இனி, கடலின் இப்பக்கம். உறைபனிக் காலங்களில் கடல்மட்டம் தாழ்ந்து, பாக் நீரிணை நிலமாய்க் கிடந்ததுண்டு. யானையும் சிறுத்தையும் நடந்திருக்கக்கூடிய அவ்வழியில் தவளையும் போய்வந்திருக்கும் என்றே பலரும் நம்பினர். 2004-இல் பிராங்கி பொசுயிட் முதலானோர் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அந்நம்பிக்கையை அசைத்தது. தவளை, கேடயவாற் பாம்பு, நன்னீர் மீன், நண்டு ஆகியவற்றின் மரபணுக்களைப் பார்க்க, தீவினவும் மலைத்தொடரினவும் பெரும்பாலும் தனித்தனிக் கிளைகள் என்பது தெளிந்தது. இடையில் கிடந்த வறண்ட சமவெளி, ஈரம் நாடும் சிற்றுயிர்க்குக் கடலினும் கடிய தடையாயிருந்தது போலும்.

மலைத்தொடரின் தவளைகளை ஆராய்ந்தோருள் கேரளத்தவரான பிஜுவும் ஒருவர். திருவனந்தபுரத்தை அடுத்த பாலோடு தாவரவியல் ஆய்வு நிலையத்தில் முன்னர்ப் பணியாற்றியவர் அவர். 2014-இல் அவரும் துணைவரும் மேற்கு மலைத்தொடரின் நடனத் தவளைகளில் 14 புதிய இனங்களை விவரித்தனர். அந்நீண்ட கட்டுரையை அச்சிட்டது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ‘சிலோன் ஜர்னல் ஆப் சயன்ஸ்’. பெர்குஸனின் குப்பி லண்டன் சென்ற காலத்தையும், கேரளத் தவளை பேராதனையில் பெயர் பெற்ற காலத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தல் நன்று.

கிளைகள் ‘பெரும்பாலும்’ தனித்தனி என்றோம். விலக்கும் உண்டு. 2009-இல் பிஜுவும் பொசுயிட்டும் திருவனந்தபுரம் மாவட்டத்து மலைக்காட்டுத் தவளையொன்றை விவரித்து, அகத்தியமலைச் சாரலில் வாழும் காணிக்காரர் நினைவாகக் ‘காணி’ என்று பெயரிட்டனர். அதன் மரபை ஆராய்ந்தபோது, அது இந்தியப் புதர்த்தவளைகளின் கிளையைச் சேர்ந்ததன்று, இலங்கைக் கிளையைச் சேர்ந்தது என்பது புலனாயிற்று. அதன் முன்னோர், நிலம் இணைந்திருந்த ஏதோவொரு பழங்காலத்தில் தீவிலிருந்து இக்கரைக்குத் திரும்பி வந்து, இம்மலையில் தங்கிவிட்டவர்கள்.