ஒளிப்பட வில்லை, கம்பியில்லா பிளாஷ் தேர்வு

ஒளிப்பட வில்லை (லென்ஸ்) என்பது காட்சியிலிருந்து வரும் ஒளியைத் திரட்டி, ஒளிப்படக்கருவியின் உணரி அல்லது படச்சுருளின் மீது உருவமாக விழச் செய்யும் பகுதியாகும். கம்பியில்லா பிளாஷ் என்பது கருவியின் மேல் பொருத்தப்படாமல் வேறிடத்தில் நிறுத்தப்பட்டு, கம்பி இணைப்பின்றி இயக்கப்படும் மின்வெட்டு விளக்காகும். இவை தனித்தனியே விற்கப்பட்டாலும் தேர்வில் ஒன்றையொன்று சார்ந்தவை. பிளாஷ் ஒளி எவ்வளவு தொலைவு வரை பயன்படும் என்பதை விளக்கின் ஆற்றலோடு வில்லையின் துளை அளவும் சேர்ந்தே முடிவு செய்கிறது. வேலூர் மாவட்டம் குடியாத்தம் வட்டாரத்தின் திருவிழாவும் தோல் தொழிலும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகளாகும்.

வில்லையின் இயல்புகள்

வில்லையைக் குறிக்கும் முதல் எண் குவியத் தொலைவு ஆகும். 36 × 24 மி.மீ. அளவுள்ள முழுச்சட்ட உணரியில் 50 மி.மீ. வில்லை இயல்பான பார்வைக் கோணத்தைத் தருகிறது. இதற்குக் குறைந்தவை அகலக் கோண வில்லைகள், கூடியவை தொலைநோக்கு வில்லைகள் எனப்படுகின்றன. சிறிய உணரியுள்ள கருவிகளில் பார்வைக் கோணம் குறுகும். 1.5 மடங்குக் காரணியுள்ள கருவியில் 50 மி.மீ. வில்லை 75 மி.மீ. வில்லையைப் போலப் படம் பிடிக்கும்.

இரண்டாம் எண் துளை அளவைக் காட்டும் எஃப் எண் ஆகும். இது சிறிதாக இருந்தால் துளை பெரிதாகும். எஃப் 1.8 துளை, எஃப் 5.6 துளையைவிட ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது.

வில்லையும் கருவியும் இணையும் பொருத்துவாய் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். தமிழ்நாட்டின் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) ஒரு நிறுவனத்தின் கருவியுடலில் வேறொரு நிறுவனத்தின் தொலைநோக்கு வில்லையைத் தாமே பொருத்திக் காட்டுயிர்களைப் படம் எடுத்தார். அக்கருவி 'சூப்பர் பாண்டரோசா' என அழைக்கப்பட்டது.

வழிகாட்டி எண்

பிளாஷின் ஆற்றல் வழிகாட்டி எண்ணால் குறிக்கப்படுகிறது. அதனை எஃப் எண்ணால் வகுத்தால், முழு ஆற்றலில் சரியான ஒளி கிடைக்கும் தொலைவு மீட்டரில் கிடைக்கும். ஐஎஸ்ஓ 100-இல் வழிகாட்டி எண் 40 உள்ள பிளாஷ், எஃப் 4 துளையில் 10 மீட்டருக்கும் எஃப் 8 துளையில் 5 மீட்டருக்கும் போதுமானது. ஐஎஸ்ஓ 400-இல் இத்தொலைவு இரு மடங்காகும்.

நிறுவனங்கள் பெரும்பாலும் ஒளிக்கற்றை மிகக் குறுகிய நிலைக்குரிய எண்ணையே விளம்பரப்படுத்துகின்றன. கேனன் 600இஎக்ஸ்-ஆர்டி விளக்கின் 60 என்ற எண் 200 மி.மீ. நிலைக்குரியது. ஒளியை விரிக்கும்போதும் குடையோ சாஃப்ட் பாக்ஸோ பொருத்தும்போதும் பயன்படும் தொலைவு குறைகிறது.

கம்பியின்றி இயக்கும் முறைகள்

* ஒளிவழி முறை: முதன்மை விளக்கின் ஒளியையோ அகச்சிவப்புத் துடிப்புகளையோ உணர்ந்து பிற விளக்குகள் எரிகின்றன. விளக்குகள் ஒன்றையொன்று 'பார்க்கும்' நிலையில் இருத்தல் வேண்டும். கடும் வெயிலில் இம்முறை அடிக்கடி தவறும்.
* வானலை முறை: கருவியின் மேலுள்ள டிரிக்கர் வானலைக் குறிப்பை அனுப்புகிறது. வெயிலும் இடையில் நிற்கும் ஆட்களும் இதனைப் பெரிதும் தடுப்பதில்லை. 2012-இல் வெளியான கேனன் 600இஎக்ஸ்-ஆர்டி, நிக்கான் நிறுவனத்தின் எஸ்பி-5000 (2016) ஆகியவற்றில் வானலை வசதி உள்ளமைந்திருந்தது.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையில் இயங்கும் குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு 2005ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் தேவையில்லை. வேறு அலைவரிசைகளில் இயங்கும் அயல்நாட்டு டிரிக்கர்களுக்கு இவ்விலக்கு பொருந்தாது. திருமண மண்டபத்தில் பலர் ஒரே வகை டிரிக்கரைப் பயன்படுத்தினால், ஒருவருடைய கருவி மற்றவரின் விளக்கை எரியச் செய்துவிடும். தாலி கட்டும் கணத்தில் விளக்கு மீண்டும் மின்னேற்றம் பெற்றுக்கொண்டிருந்தால் அப்படம் திரும்பக் கிடைக்காது. ஆகவே அலைத்தடங்களை முன்னரே பிரித்துக்கொள்ளுதல் வழக்கம்.

சிரசுத் திருவிழா

குடியாத்தம் கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலின் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாளில் நடைபெறுகிறது. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு ஊர்வலமாகக் கொண்டுவரப்படுகிறது. இரவில் வாணவேடிக்கை நிகழ்கிறது.

வைகாசி வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/200 நொடி என அமைத்தால் துளை எஃப் 11 அளவில் இருக்கும். பெரும்பாலான கருவிகளில் பிளாஷ் முழு ஆற்றலுடன் ஒத்தியங்கும் உச்ச வேகம் 1/200 அல்லது 1/250 நொடியே ஆகும். இந்நிலையில் வழிகாட்டி எண் 40 உள்ள பிளாஷின் முழு ஒளி 3.6 மீட்டருக்கே எட்டும். கூட்டத்துக்கு அப்பால் 15 மீட்டர் தொலைவில் நிற்பவருக்கு அதனால் பயனில்லை, 70–200 மி.மீ. தொலைநோக்கு வில்லையே உதவும். அருகில் நிற்பவர், மாலைகளின் நிழல் விழும் முகத்தை வெளிச்சமாக்க பிளாஷைப் பயன்படுத்தலாம். நெரிசலில் விளக்குத் தாங்கி நிறுத்த இயலாது என்பதால் உதவியாளர் ஒருவர் அதனைக் கையில் ஏந்த வேண்டும்.

வாணவேடிக்கைக்கு பிளாஷ் தேவையில்லை. முக்காலியும், எஃப் 8 முதல் 11 வரையிலான துளையும், சில நொடிகள் திறந்திருக்கும் ஷட்டரும் போதும்.

தோல் பொருட்கள்

குடியாத்தத்தை அடுத்த பேரணாம்பட்டு, ஆம்பூர் ஆகிய ஊர்களில் தோல் பதனிடுதலும் காலணித் தயாரிப்பும் முதன்மைத் தொழில்களாகும். ஏற்றுமதிப் பட்டியல்களுக்கான படத்தில் நிறம் பிழையானால் வாங்குபவர் பொருளைத் தவறாக மதிப்பிட நேரிடும்.

பளபளப்பான தோல், விளக்கின் உருவத்தை வெண்புள்ளியாகத் திருப்பிக் காட்டும். எனவே விளக்கைக் கருவியிலிருந்து விலக்கி, பெரிய சாஃப்ட் பாக்ஸின் வழியே மேலிருந்து ஒளியூட்டுவர். தோலின் மணியமைப்பு தெரிய, இரண்டாம் விளக்கைத் தாழ்வாகப் பக்கவாட்டில் வைப்பர். முனைவாக்கு வடிகட்டி தோலின் மினுக்கத்தைக் குறைக்கும். உலோகக் கொக்கியின் மினுக்கத்தில் அதன் பயன் குறைவு. வடிகட்டி ஒளியையும் குறைப்பதால் பிளாஷ் ஆற்றலைக் கூட்ட வேண்டும்.

அகலக் கோண வில்லையால் மிக அருகிலிருந்து எடுத்தால் காலணியின் முன்பகுதி பெருத்துத் தோன்றும். இதனைத் தவிர்க்க 90 முதல் 105 மி.மீ. வரையிலான மேக்ரோ வில்லை ஏற்றது.

தேர்வு வரிசை

முதலில் பொருளுக்கும் கருவிக்கும் இடையிலுள்ள தொலைவை அறிந்து குவியத் தொலைவைத் தீர்மானிக்கலாம். அடுத்து அங்குள்ள ஒளிக்கும் தேவையான தெளிவுக்கும் ஏற்பத் துளையை முடிவு செய்யலாம். அத்துளையையும், விளக்குக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள தொலைவையும் பெருக்கினால் தேவைப்படும் வழிகாட்டி எண் கிடைக்கும். அது கையில் ஏந்தும் பிளாஷின் எல்லையைக் கடந்தால், விளக்கைப் பொருளுக்கு அருகே கொண்டு செல்வதோ பெரிய துளையுள்ள வில்லையைத் தேர்வதோ தக்க வழியாகும்.