பிடி

வாஞ்சிநாதனைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் நெஞ்சு இருக்கிறது, கை இல்லை. நெஞ்சுரம், நெஞ்சில் மூண்ட கனல் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. 1911 ஜூன் 17ந் தேதி காலை மணியாச்சி ரயில் நிலையத்தில், முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியுடன் உட்கார்ந்திருந்த திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்டது அந்த நெஞ்சேதான் என்று படிப்பவனுக்குத் தோன்றிவிடும். சுட்டது ஒரு கை. புனலூரில் வனத்துறைக் குமாஸ்தாவாக இருந்த, சுமார் இருபத்தைந்து வயசு மனிதருடைய கை. பேனாவும் உத்தரணியும் பழகிய அந்தக் கைக்குள் பெல்ஜியத்தில் செய்த ஒரு பிரௌனிங் துப்பாக்கி எப்படி வந்து பொருந்தியது என்ற கேள்வி எனக்குச் சில வருஷங்களாகவே இருந்து வருகிறது. அற்பமான கேள்வி என்று ஒதுக்க முடியவில்லை. சரித்திரம் லட்சியங்களால் நடப்பதாக நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஸ்தூலமான பொருள்கள் கைக்கு அகப்படாமல் எந்த லட்சியமும் ஓர் அடி நகர்ந்ததில்லை.

ஆலங்குளத்தில் நான் பார்த்து வளர்ந்த கருவிகளில் இரும்பு கொல்லனுடையது, பிடி வாங்கியவனுடையது. அரிவாளை வாங்கி வந்தவன் பிடியைக் கண்ணாடிச் சில்லால் சீவிச் சீவித் தன் கைக்குக் கொண்டுவருவான். மண்வெட்டிக் கணையும் அப்படித்தான். இரண்டு வருஷம் போனால் மரம் அவனுடைய உள்ளங்கையின் வடிவத்தை வாங்கிக்கொண்டுவிடும். இன்னொருவன் எடுத்து வேலை செய்தால் கை கொப்பளிக்கும். இங்கே கருவி கையிடம் வருகிறது. தொழிற்சாலையில் செய்த கருவியிடம் கை போக வேண்டியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கள் சீமையில் ஒரு நூறு வருஷம் கடந்திருக்கிறது.

பாளையக்காரர் காலத்து வளரி முதல் வகையைச் சேர்ந்தது. ஒரு முனை கனத்து, மறுமுனை மெலிந்து வளைந்த ஆயுதம். மெலிந்த முனையைப் பிடித்து வீச வேண்டும். எறிபவனின் மணிக்கட்டைத் தவிர அதற்கு வேறு இயந்திரம் கிடையாது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரி, ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று 1830ல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1801ல் அதே மருதுவை எதிர்த்து வந்த படையிலும் வெல்ஷ் இருந்தார். அந்த வருஷம் அக்டோபரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். 1799ல் கட்டபொம்மனோடு சேர்த்து எங்கள் பக்கத்து ஏழாயிரம்பண்ணையும் பறிபோயிருந்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. 1801 டிசம்பரில் கும்பினியின் பிரகடனம் தென்சீமையில் ஜனங்கள் ஆயுதம் வைத்திருப்பதையே குற்றமாக்கிற்று. 1878ம் வருஷத்து ஆயுதச் சட்டம் இதை இந்தியா முழுமைக்கும் விரித்தது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, ஆனால் ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு. எந்தக் கை எதைப் பிடிக்கலாம் என்பது தோலின் நிறத்தைப் பார்த்து முடிவாகியது. மூன்று தலைமுறைகளில் கை மறந்துபோயிற்று. இதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்கள் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்காதவர்கள்.

இந்த மறந்துபோன கைகளுக்குள்தான் பிரௌனிங் வருகிறது. ஜான் மோசஸ் பிரௌனிங் அமெரிக்கர். அவருடைய வடிவமைப்பை பெல்ஜியத்தில் லியேஜுக்குப் பக்கத்து எர்ஸ்தால் என்ற ஊரின் ஆயுதத் தொழிற்சாலை 1900ல் கைத்துப்பாக்கியாகச் செய்யத் தொடங்கியது. குண்டின் விட்டம் 7.65 மில்லிமீட்டர். பழைய ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும், பிடிக்குள் தோட்டா கிடையாது. பிரௌனிங்கில் தோட்டா அடுக்கு பிடிக்குள்ளேயே போய்விடுகிறது. ஆகவே பிடியின் பருமனை உள்ளே இருக்கிற தோட்டாவின் நீளம் நிர்ணயிக்கிறது. உருவம், உள்ளடக்கம் என்று நாம் இத்தனை காலம் போட்ட சண்டையை எர்ஸ்தால் தொழிலாளி ஒரு வார்த்தை பேசாமல் முடித்துவைத்திருக்கிறான். தோட்டா சிறியது, ஆகவே பிடி மெலிந்தது. பிடி மெலிந்ததால் சராசரி ஐரோப்பியக் கையைவிடச் சிறிய கைக்கும் அது அடங்கிற்று. துப்பாக்கி தட்டையானது, ஆகவே சட்டைக்குள்ளும் அடங்கிற்று.

அடங்கிய இடங்களைப் பாருங்கள். 1904 ஜூன் 16ல் ஹெல்சிங்கியில் ருஷ்ய கவர்னர் ஜெனரல் போப்ரிகோவை ஷௌமன் என்ற குமாஸ்தா சுட்டுவிட்டு, அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டார். ஜார் மன்னனுக்கு ஒரு கடிதம் விட்டுச் சென்றார். 1909 அக்டோபர் 26ல் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானிய ராஜதந்திரி இத்தோவைக் கொரியரான ஆன் ஜுங்-குன் சுட்டார். இவை இரண்டும் அந்த 1900 மாடல்தான். அதே 1909ல் லண்டனிலிருந்து சாவர்க்கர் இருபது பிரௌனிங் துப்பாக்கிகளைச் சதுர்புஜ் அமீன் என்ற சமையல்காரர் மூலம் பம்பாய்க்கு அனுப்பினார். டிசம்பர் 21ல் நாசிக் கலெக்டர் ஜாக்ஸன் அவற்றில் ஒன்றுக்குப் பலியானார். பிறகு மணியாச்சி. ரயில் நிலையம், குமாஸ்தா, கடிதம், தற்கொலை என்று வாஞ்சியின் கதையில் நாம் தனித்துவம் என்று நினைக்கிற அம்சங்கள் ஹெல்சிங்கியிலும் ஹார்பினிலும் முன்பே சிதறிக் கிடக்கின்றன. ஒருவரை ஒருவர் பார்த்து நடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே மாதிரியான பொருள் ஒரே மாதிரியான செய்கையைச் சாத்தியமாக்குகிறது. காவலுக்குள் நுழைந்து சில அடி தூரத்தில் நின்று சுடுவது நீளத் துப்பாக்கிக்காரனுக்குக் கைகூடாது.

ஆனால் பொருந்தும் துப்பாக்கி கிடைத்தால் மட்டும் போதாது. 1909 ஜூலையில் லண்டனில் கர்ஸன் வில்லியைச் சுட்ட மதன்லால் திங்ரா, டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் காசு கொடுத்துச் சுடும் கூடமொன்றில் அதற்குமுன் மாதக்கணக்கில் பழகியிருந்தார். வாஞ்சிக்கு அந்தக் கூடம் புதுச்சேரி. 1910 கடைசியில் அங்கே வந்து சேர்ந்த வ.வெ.சு. ஐயர்தான் ஆசிரியர். இங்கே நம் எழுத்தாளர்கள் சற்றுத் தயங்கி நிற்க வேண்டும். 'குளத்தங்கரை அரசமர'த்தை எழுதிய கை, குறளை ஆங்கிலமாக்கிய கை, இன்னொருவன் விரலைக் குதிரையின்மேல் வைத்துச் சொல்லிக்கொடுத்த கையும்கூட. இலக்கிய சரித்திரம் ஐயரிடம் பேனாவைக் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்கிறது. அரசியல் சரித்திரம் இதைத் தலைகீழாகச் செய்கிறது. முழு மனிதரை இரண்டும் பார்ப்பதில்லை.

பொருந்தாத கைக்கு என்ன வழி? இதற்குப் பதில் வங்காளத்தில் இருக்கிறது. 1931 டிசம்பர் 14ல் கொமில்லா மாஜிஸ்திரேட் ஸ்டீவன்ஸை, நீச்சல் போட்டிக்கு அனுமதி கேட்கும் மனுவோடு போன இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் சுட்டுக் கொன்றார்கள். சாந்தி கோஷுக்கு வயசு பதினைந்து, சுனீதி சௌதுரிக்குப் பதினாலு. மைனாமதிக் குன்றுகளில் பயிற்சி நடந்தபோது சுனீதியின் ஆள்காட்டி விரல் ரிவால்வரின் குதிரைக்கு எட்டவில்லை. அவர் நடு விரலால் சுடப் பழகினார். ஆயுள் தண்டனை பெற்று, 1939ல் விடுதலையாகி, பிறகு டாக்டருக்குப் படித்தார். அவரைப் பற்றி நான் படித்தவற்றில் மனசில் நிற்பது அந்த நடு விரல்தான். வளர்ந்த ஆணின் கைக்கென்று எங்கோ செய்யப்பட்ட ஒரு பொருளும், அதை எட்டாத ஒரு குழந்தையின் கையும் எதிரெதிரே நிற்கின்றன. நடுவில் இருக்கிற அரை அங்குல தூரத்தை எந்த வீரவணக்கமும் சொல்வதில்லை. கொலை அந்த அரை அங்குலத்தைக் கடந்துதான் நடந்தது. ஒரு பதினாலு வயசுப் பெண்ணை அதைக் கடக்கும்படி செய்த ஆட்சியைப் பற்றியும், கடக்கக் கற்றுக்கொடுத்த பெரியவர்களைப் பற்றியும் ஒருசேர யோசிக்காத சரித்திரம் அரைச் சரித்திரம்.

பொருத்தத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. கைக்கு அடங்கிய துப்பாக்கி, பிடித்தவனின் கருத்து என்ன என்று கேட்பதில்லை. ஷௌமனுக்கு பின்லாந்தின் அரசியல் சட்டம் பெரிது. ஆன் ஜுங்-குன் கீழை நாடுகளின் சமாதானத்தைப் பற்றிச் சிறையில் உட்கார்ந்து எழுதினார். வாஞ்சியின் சட்டைப் பையிலிருந்த கடிதம் சனாதன தர்மத்தைப் பேசுகிறது, முடிசூட இருந்த ஐந்தாம் ஜார்ஜைச் சாதிப் பெயரால் இழிக்கிறது. தியாகத்தை ஒப்புக்கொள்கிறவர்கள் கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள், கடிதத்தைப் படிக்கிறவர்கள் தியாகத்தை மறுக்கிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. அரிவாள் பிடியில் உழைத்தவனின் வாழ்க்கை பதிந்திருக்கும். பிரௌனிங் பிடியில் யாருடைய ரேகையும் நிரந்தரமாகப் பதியாது. அதுதான் அதன் வெற்றி, அதன் பயங்கரமும்கூட.

சுதந்திரத்துக்குப் பின் 1959ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. நிறத்தின் இடத்தைக் கலெக்டரின் கையெழுத்து பிடித்துக்கொண்டது. 2014ல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற சிறு ரிவால்வரைச் செய்தது. எடை அரைக் கிலோ, விலை சுமார் 1,22,000 ரூபாய். டெல்லியில் 2012ல் நடந்த கொடுமைக்குப் பிறகு வந்த பதில் இது. சுனீதிக்கு எட்டாத குதிரை இப்போது எட்டுகிறது, ஆனால் விலை எட்டவில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு என்றைக்கும் கைக்குப் பொருந்திய துப்பாக்கி ஒன்றுதான்: தீபாவளிக்கு வாங்கித் தரும் தகரத் துப்பாக்கி, உள்ளே சிவகாசிச் சுருள் கேப்பு. சிவகாசிக்காரர்கள் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தது 1920களின் கல்கத்தாவில். அந்த நகரத்தில் வேறு சிலர் அந்நாளில் மருந்தை வேறு விதமாகக் கெட்டித்துக்கொண்டிருந்தார்கள்.

இனி வாஞ்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் மணியாச்சியின் சில நிமிஷங்களை விட்டுவிடலாம், அது போதுமான அளவு எழுதப்பட்டாயிற்று. அவர் லீவு போட்டுவிட்டுப் புதுச்சேரியில் கழித்த நாட்களை எழுதட்டும். குமாஸ்தாவின் கை தன் பழக்கங்களை ஒவ்வொன்றாக இழந்தது அங்கேதான்.