ஏகாதசி நிர்ணயமும் தீராத விவாதமும்

காவிரிக்கரை அக்ரஹாரங்களில் சில மாதங்களில் ஒரே தெருவில் ஏகாதசி இரண்டு நாளாக வரும். ஸ்மார்த்தர் இல்லங்களில் பாரணை நடக்கும் காலையில் ஸ்ரீவைஷ்ணவர் திருமாளிகைகளில் உபவாஸம் தொடங்கியிருக்கும். பஞ்சாங்கப் பிழை என்று இதனைத் தள்ளிவிட இயலாது; இரு சாராரும் ஒரே பஞ்சாங்கத்தைப் பார்த்தாலும் நாள் வேறுபடும்.

காரணம் தசமீ வேதம். ஸூர்யோதயத்தில் தசமி இருந்தாலன்றி ஏகாதசிக்குக் குறையில்லை என்பது ஒரு பக்ஷம். அருணோதயத்தில், அதாவது உதயத்துக்கு முன் 4 நாழிகைப் பொழுதில் (96 நிமிஷம்), தசமி தொட்டாலும் அந்த ஏகாதசி த்யாஜ்யம், த்வாதசியிலேயே உபவாஸம் என்பது வைஷ்ணவ பக்ஷம். இரண்டுக்கும் வசனங்கள் உண்டு. எவ்வசனம் எவரை நோக்கியது என்பதிலேயே விவாதம். ஆகவே கணிதம் எவ்வளவு திருந்தினாலும் இது தீராது.

தீர்க்க முயன்றவர்களும் உண்டு. தஞ்சை நாட்டுக் கண்டிரமாணிக்கத்து வைத்யநாத தீக்ஷிதர் சிதறிக்கிடந்த வசனங்களை ஸ்ம்ருதிமுக்தாபலத்தில் தொகுத்தார். ஸ்மார்த்தர்க்கு அது ப்ரமாணமாயிற்று. நம்மவர்க்கோ வைதிக ஸார்வபௌமரின் ஸ்ம்ருதிரத்நாகரம் முதலியவை இருந்தன. முடிவு கூற எழுந்த நூல், முடிவில் ஒரு கட்சியின் நூலாகவே நின்றது.

யூதர்களின் தர்மசாஸ்த்ரத்திலும் இதே கதை. அவர்களது பழைய உயர்சபை மறைந்தபின் அனைவரையும் கட்டுப்படுத்தும் பீடம் எதுவும் இல்லை. யோசேப் காரோ இயற்றிய தொகுப்பு 1565இல் வெனிஸில் அச்சேறியது. கிராகோ நகரத்து மோசே இஸ்ஸெர்லெஸ் தம் நாட்டு வழக்கம் வேறென்று அதன்மேல் குறிப்புகள் எழுதினார். இன்று அந்நூலை இருவர் குரலும் சேர்ந்தே அச்சிடுகின்றனர். அதற்கும் முன்னே, 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, ஏற்கப்படாத கருத்தையும் எழுதி வைத்தது. பின்னொரு சபை அதனைப் பற்றி நிற்க நேரலாம் என்பது அங்கே கூறப்படும் காரணங்களுள் ஒன்று.

நம் வ்யாக்யான மரபு இதனை நன்கறியும். திருவாய்மொழி இரண்டாம் பத்து மூன்றாம் திருவாய்மொழியில் ஒரு பாசுரத்தைத் திருமலையாண்டான் இழவாக நிர்வஹித்தார். முன்னும் பின்னும் உகப்பாயிருக்க இது மட்டும் இழவாகாது என்று உடையவர் நன்றியாக நிர்வஹித்தார். ஆண்டான் சினந்து காலக்ஷேபத்தையே நிறுத்திவிட்டார். திருக்கோட்டியூர் நம்பி வந்து சேர்த்துவைக்க வேண்டியிருந்தது. உடையவர் நிர்வாஹமே நமக்குத் தஞ்சம். எனினும் ஆண்டானுடையதை ஈடு அழிக்கவில்லை. அந்தத் துணிவுக்காகவே ஈட்டை மேலும் கொண்டாடத் தோன்றுகிறது.

ஆனால் பொருளில் இரண்டு நிர்வாஹம் அடங்கும், அனுஷ்டானத்தில் அடங்காது. ஒருவன் ஒரு நாளைத் தேர்ந்தே ஆகவேண்டும். அதனால்தான் பெரியோர் ‘எது சரி’ என்று கேளாமல் ‘எந்தத் திருமாளிகை’ என்று கேட்டனர். அயலான் நோன்பைக் குற்றம் சொல்லத் தொடங்கியபோதே கலகம் வந்தது.

நம்முள்ளேயே ஸ்ரீஜயந்திக்கு ஒரு நாள் இல்லை. முனித்ரயம், பாஞ்சராத்ரம், வைகாநஸம் என்று பஞ்சாங்கக்காரர் தனித்தனியே குறித்துவிடுகின்றனர். வேறு ஸம்ப்ரதாயத்திலிருந்து வந்த மருமகள் முதல் ஆவணியில் மாமியாரிடம் கேட்டுக்கொண்டே சீடை உருட்டுகிறாள்.