சர்வாதிகாரியின் பின்னால் நின்றவர்கள்

1939 செப்டெம்பர் 3 ஆம் திகதி பிரித்தானியா ஜேர்மனி மீது போர்ப் பிரகடனம் செய்தது. அதிலிருந்து ஆறாவது நாள், ஹொலிவூட்டில் இருந்த தமது சொந்தக் கலையகத்தில் சார்ளி சப்ளின் 'தி கிரேட் டிக்டேட்டர்' படப்பிடிப்பைத் தொடங்கினார். இப்படத்தைப் பற்றி எழுதுவோரிற் பலர், சப்ளினும் ஹிட்லரும் 1889 ஏப்ரல் மாதத்தில் நான்கு நாள் இடைவெளியில் பிறந்ததையும் இருவரது மீசையையும் சொல்லி வியந்து முடித்துவிடுகின்றனர். எனது கவனம் செல்வதோ, எழுத்தோட்டத்தில் சில விநாடிகள் தோன்றி மறையும் பெயர்களுக்கு உரியவர்கள் மீது. மற்றவர்களின் கட்டுரைகளைச் செப்பனிட்டு, பெயர் வெளிவராத வேலைகளைப் பத்திரிகைப் பணிமனையில் நெடுங்காலம் செய்தவன் என்பதால் ஏற்பட்ட பக்கச்சார்பு அது.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏறத்தாழ இருபது இலட்சம் டொலர் செலவான இப்படத்திற்குச் சப்ளின் தமது சொந்தப் பணத்தையே போட்டார். அன்று ஐரோப்பியச் சந்தையை இழக்க விரும்பாத பெரிய கலையகங்கள் நாஜிகளைச் சீண்டத் தயங்கின. ஜேர்மனியுடன் சமரசம் பேசிக்கொண்டிருந்த பிரித்தானியாவில் படம் தடைசெய்யப்படலாம் என்ற எச்சரிக்கையும் வந்திருந்தது. போர் மூண்டதும் நிலைமை தலைகீழாயிற்று. வேண்டாம் என்று தயங்கிய விநியோகஸ்தர்களே, விரைவில் முடியுங்கள் என்று அவசரப்படுத்தத் தொடங்கினர்.

திரைக்கதை வேலையில் சப்ளினுடன் இருந்தவர் டான் ஜேம்ஸ். கன்சாஸ் நகரத்துச் செல்வந்தக் குடும்பத்து இளைஞர், யேல் பல்கலைக்கழகப் பட்டதாரி, அரசியலில் கம்யூனிஸ்ட். சப்ளின் நடந்துகொண்டும் நடித்துக்கொண்டும் சொல்வதைக் குறிப்பெடுத்து, காட்சியாக ஒழுங்குபடுத்துவது அவரது பணி. ஊமைப்படக் காலத்தில் எழுத்தில் திரைக்கதையே இல்லாமற் படம் எடுத்த மனிதருக்கு, இம்முறை ஏறத்தாழ 300 பக்கத் திரைக்கதை உருவாயிற்று. இருந்தும், ஹின்கல் என்ற சர்வாதிகாரி ஜேர்மன் போல் ஒலிக்கும் பொருளற்ற மொழியிற் கர்ச்சிக்கும் அந்தப் புகழ்பெற்ற சொற்பொழிவுக்குப் பிரதி எதுவும் எழுதப்படவில்லை. கமராவை நிறுத்தாமல் ஓடவிடுமாறு கூறிவிட்டுச் சப்ளின் வாய்க்கு வந்ததைப் பேசினார் என்று ஜேம்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

உதவி இயக்குநர்களாகக் குறிப்பிடப்பட்ட மூவருள் ஜேம்ஸுடன் ரொபேர்ட் மெல்ட்சரும் வீலர் டிரைடனும் அடங்குவர். டிரைடனின் கதை தனியே ஒரு படத்துக்குப் போதுமானது. சப்ளினின் தாயார் ஹன்னாவுக்கு 1892 இல் பிறந்த இவரை, கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை லியோ டிரைடன் எடுத்துச் சென்றுவிட்டார். உலகப் புகழ்பெற்ற சப்ளின் தமது தாய்வழிச் சகோதரர் என்பதை, இந்தியப் பக்கம் மேடை நடிகராகச் சுற்றிக்கொண்டிருந்த காலத்திலேயே இவர் தந்தை மூலம் அறிந்தார். பல ஆண்டுகளின் பின் இக்கலையகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மூத்த சகோதரர் சிட்னியும் அங்கே இருந்தார். 1932 இல் சப்ளின் கீழைநாடுகளுக்குப் பயணம் செய்தபோது கூடவே வந்து, கொழும்பிலும் கண்டியிலும் தங்கிச் சென்றவர் இந்தச் சிட்னிதான். ஹன்னாவின் மூன்று பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் இப்படத்திற்காக உழைத்தார்கள்.

ஒளிப்பதிவில் ஒரு மனவருத்தம் நேர்ந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சப்ளினின் கமராவுக்குப் பின்னால் நின்ற ரோலி டொதரோவுக்கு மேலதிகமாக, கார்ள் ஸ்ட்ரஸ் அழைக்கப்பட்டார். 'சன்ரைஸ்' படத்துக்காக முதலாவது ஒஸ்கார் விழாவிலேயே ஒளிப்பதிவு விருதைப் பகிர்ந்துகொண்ட கலைஞர் அவர். நவீன ஒளியமைப்பு தேவையென்று சப்ளின் கருதியது நியாயமாக இருக்கலாம். பழைய தோழரின் மனம் புண்பட்டதும் நியாயமே. முதலாம் உலகப்போரின்போது அமெரிக்க இராணுவத்திற் சேர்ந்த ஸ்ட்ரஸ், ஜேர்மன் ஆதரவாளர் என்ற ஐயத்திற்கு ஆளாகி விசாரிக்கப்பட்டவர். ஹிட்லரைக் கேலிசெய்யும் படத்திற்கு ஒளியமைக்கும் வாய்ப்பு அவருக்கே கிடைத்தது.

இசையில் மெரடித் வில்சன் துணைநின்றார். பிராம்ஸின் ஹங்கேரிய நடனம் ஒன்றுக்கு இசையச் சவரம் செய்யும் காட்சியையும், வாக்னரின் இசைக்கு உலக உருண்டையோடு ஹின்கல் ஆடும் நடனத்தையும் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

இனி அந்த இறுதி உரை. முதலில் எண்ணியிருந்த முடிவு வேறு: படைவீரர்கள் ஆயுதங்களை எறிந்துவிட்டு நடனமாடுவது. அதைக் கைவிட்டு, யூதச் சவரத் தொழிலாளி சர்வாதிகாரியின் மேடையில் நின்று உலகத்தை நோக்கிப் பேசும் உரையைச் சப்ளின் மாதக்கணக்கில் எழுதித் திருத்தினார். அது படமாக்கப்பட்டது 1940 ஜூனில், பிரான்ஸ் வீழ்ந்த நாட்களில். அந்த உரையால் வசூலில் பத்து இலட்சம் டொலர் குறையும் என விற்பனைப் பிரிவினர் எச்சரித்தும் அவர் இணங்கவில்லை. நகைச்சுவை நடிகர் பிரசாரகர் ஆகிவிட்டார் என்று விமர்சகர்கள் சாடினர். கலையொருமை அவ்விடத்தில் உடைகிறது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆயினும் எமது நாட்டில் போர் நடந்த ஆண்டுகளிற் பத்திரிகைப் பணிமனையில் இருந்தவர்கள் ஒன்றை அறிவார்கள். காலையிற் சிரிப்பூட்டிய கேலிச்சித்திரம் மாலைச் செய்தி வந்ததும் அச்சிட முடியாததாகிவிடும். அந்த நிலையிற் சித்திரத்தை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் நேரடியாக நான்கு வரி எழுதுவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. சப்ளின் செய்ததும் அதுவே என எனக்குப் படுகிறது. வதைமுகாம்களின் உண்மையான கொடூரம் தெரிந்திருந்தால் இப்படத்தை எடுத்திருக்கவே முடியாது என்று 1964 இல் வெளியான சுயசரிதையில் அவர் எழுதினார்.

படம் 1940 ஒக்டோபர் 15 ஆம் திகதி நியூயோர்க்கில் திரையிடப்பட்டது. ஜேர்மன் விமானங்கள் குண்டுபொழிந்துகொண்டிருந்த லண்டனில் டிசெம்பரில் வெளியாயிற்று. ஐந்து ஒஸ்கார் பரிந்துரைகள் கிடைத்தன. விருது ஒன்றுகூட இல்லை. 1941 இல், போர்ப் பிரசாரப் படங்கள் எவை என்று ஆராய்ந்த அமெரிக்க செனற் குழுவின் பட்டியலில் இப்படமும் இருந்தது.

மெல்ட்சர் போருக்குச் சென்று 1944 இல் பிரான்சில் உயிரிழந்தார். அவரது பெயரில் திரைக்கதை எழுத்தாளர் சங்கம் பின்னர் ஒரு விருதை நிறுவியது. ஜேம்ஸ் 1951 இல் விசாரணைக் குழுவின் முன் அழைக்கப்பட்டு, கறுப்புப் பட்டியலில் விழுந்தார். 1983 இல் டேனி சன்ரியாகோ என்ற புனைபெயரில் நாவல் எழுதினார். ஓர் இளம் மெக்சிக்க அமெரிக்க எழுத்தாளரின் படைப்பு என்று பாராட்டிப் பரிசளித்தவர்கள், அது எழுபது வயதைக் கடந்த ஜேம்ஸ் என்பதை மறுவருடமே அறிந்தனர்.

சிட்னியோ, படப்பிடிப்பு நடந்த நாட்களிற் தமது சிறிய 16 மில்லிமீற்றர் கமராவோடு தளத்தைச் சுற்றி வந்து வண்ணத்திற் படமெடுத்துக்கொண்டிருந்தார். அச்சுருள்கள் பல தசாப்தங்களின் பின் சுவிற்சர்லாந்தில் சப்ளின் இல்லத்தின் நிலவறையிற் கண்டெடுக்கப்பட்டு, கெவின் பிரவுன்லோ உருவாக்கிய ஆவணப்படம் மூலம் 2002 இல் வெளியுலகுக்கு வந்தன. கறுப்பு வெள்ளையில் மட்டுமே நாம் அறிந்திருந்த அந்தச் சேரித் தெரு அவற்றில் வண்ணத்தில் இருக்கிறது. கைவிடப்பட்ட முடிவுக்காகச் சீருடையில் நடனமாடிய படைவீரர்களும் இருக்கிறார்கள்.