பேர் ரிப்ஸ்... ஆனா விலா எலும்பே இல்லை! ‘கன்ட்ரி ஸ்டைல்’ போர்க்கை பெல்லட் கிரில்லில் புகையிடுவது எப்படி?

அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளின் இறைச்சிப் பிரிவில் ‘போன்லெஸ் கன்ட்ரி ஸ்டைல் போர்க் ரிப்ஸ்’ என்ற லேபிளோடு ஒரு பாக்கெட் இருக்கும். ரிப்ஸ் என்றால் விலா எலும்பு. போன்லெஸ் என்றால் எலும்பு இல்லாதது. எலும்பு இல்லாத விலா எலும்பா? குழம்ப வேண்டாம். பெரும்பாலும் இது விலாப் பகுதிக் கறியே கிடையாது.

விரல் போல நீளவாக்கில் வெட்டிய, நல்ல தடிமனான பன்றிக்கறித் துண்டுகள்தான் இவை. பேபி பேக் ரிப்ஸோடு ஒப்பிட்டால் பொதுவாக விலையும் குறைவு, வேகும் நேரமும் குறைவு. அதனால்தான் வார இறுதியில் வீட்டுக் கொல்லையில் கிரில் போடுபவர்களுக்கு இது பிடித்த அயிட்டம். ஆனால் ஒருவர் வீட்டில் பஞ்சு மாதிரி வருவது, அதே முறையில் செய்த இன்னொருவருக்கு ரப்பர் மாதிரி வருகிறது. ஏன்? காரணம் கிரில்லில் இல்லை, லேபிளில் இருக்கிறது.

அப்போ இது எந்தப் பகுதிக் கறி?

இந்த ஒரே பெயரில் இரண்டு விதமான கறி விற்கப்படுகிறது. ஒன்று, பன்றியின் தோள்பட்டை. நம்ம ஊர் கறிக்கடை பாஷையில் சொன்னால் சப்பைப் பகுதி. அங்கே இதை ‘போஸ்டன் பட்’ என்பார்கள். இன்னொன்று, முதுகுத் தண்டை ஒட்டிய ‘லாயின்’ பகுதி.

தோள்பட்டை எப்போதும் உழைக்கும் தசை. அதில் கொழுப்பும் ஜவ்வும் அதிகம். இந்த ஜவ்வில் இருக்கும் கொலாஜன் உருகி ஜெலட்டினாக மாறினால்தான் கறி மெத்தென்று வரும். அதற்கு நல்ல சூடும் நேரமும் வேண்டும். லாயின் அப்படி இல்லை. கொழுப்பும் குறைவு, ஜவ்வும் குறைவு. அதை நீண்ட நேரம் வைத்தால் உருகுவதற்கு உள்ளே எதுவும் இல்லை, இருக்கிற ஈரமும் போய்விடும்.

தோள்பட்டைத் துண்டை உள்ளே 195 முதல் 203 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 90 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை கொண்டு போக வேண்டும். லாயின் துண்டை 145 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 63 டிகிரி செல்சியஸிலேயே இறக்கிவிட வேண்டும். ஒரே லேபிள், ஆனால் 50 டிகிரிக்கும் மேல் வித்தியாசம்!

எப்படிக் கண்டுபிடிப்பது? பாக்கெட்டின் பின்பக்கமோ, சின்ன எழுத்திலோ ‘ஷோல்டர்’, ‘பட்’ அல்லது ‘லாயின்’ என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நிறத்தைப் பாருங்கள். கருஞ்சிவப்பாக, நடுநடுவே வெள்ளைக் கொழுப்பு ஓடினால் தோள்பட்டை. வெளிர் ரோஸ் நிறத்தில் ஒரே சீராக இருந்தால் லாயின். இரண்டும் சேரும் இடத்தில் வெட்டியிருந்தால் ஒரே பாக்கெட்டில் இரண்டு வகையும் இருக்கும். அப்போது தனித்தனியாகப் பிரித்து, லாயின் துண்டுகளைக் கடைசியாக கிரில்லில் வைப்பதுதான் புத்திசாலித்தனம். கவுண்டரில் இருக்கும் கறி வெட்டுபவரிடம் கேட்டுவிட்டால் இன்னும் சுலபம்.

பெல்லட் கிரில் என்றால் என்ன?

ஓரிகன் மாநிலத்தின் மவுன்ட் ஏஞ்சல் ஊரைச் சேர்ந்த ஜோ ட்ரேகர் 1980-களின் நடுவில் உருவாக்கிய கருவி இது. 1986-ல் காப்புரிமை கிடைத்தது. அது 2006-ல் முடிந்த பிறகுதான் பிட் பாஸ், கேம்ப் செஃப் என்று பல பிராண்டுகள் சந்தையில் குவிந்தன.

பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சி. கிட்டத்தட்ட கோழித்தீவனம் மாதிரி இருக்கும். பக்கவாட்டுப் பெட்டியில் இதைக் கொட்டி, வெப்பநிலையை செட் செய்தால் போதும். மோட்டாரில் சுற்றும் ஒரு திருகு, குச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும். மின்கம்பி ஒன்று சூடாகி அதைப் பற்ற வைக்கும். ஃபேன் காற்றை ஊதும். சூடு குறைந்தால் கூடுதல் குச்சி, கூடினால் குறைவான குச்சி. இதை கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். ஆக, விறகு எரித்தாலும் இதுக்கு கரன்ட் கட்டாயம் வேண்டும்.

இதில் ஒரு குறையும் உண்டு. எரிவது சுத்தமாக எரிவதால் புகை வாசம் மிதமாகத்தான் ஏறும். விறகு போட்டுச் செய்யும் பெரிய ஸ்மோக்கர் பிரியர்கள் இதைக் கிண்டல் செய்வது அதனால்தான். முதல் ஒன்றரை மணி நேரம் வெப்பநிலையைக் குறைவாக வைத்தால் கூடுதல் புகை கிடைக்கும். பன்றிக்கறிக்கு ஹிக்கரி, ஆப்பிள், செர்ரி மரங்கள் நன்றாகப் பொருந்தும். மெஸ்கீட் கொஞ்சம் காட்டமானது, முதல் முறை செய்பவர்கள் தவிர்க்கலாம்.

வாங்க, புகையிடலாம்

தோள்பட்டைத் துண்டுகள் என்றே வைத்துக்கொள்வோம். முதலில் லேபிளில் உப்புக் கரைசல் சேர்க்கப்பட்டதாக எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் மசாலாவில் உப்பைக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிலோவுக்கு சுமார் 15 கிராம் உப்பு சரியாக இருக்கும். அதோடு மிளகுத்தூள், பாப்ரிகா, பூண்டுப்பொடி, கொஞ்சம் பிரவுன் சுகர். ஈரத்தை பேப்பர் டவலால் ஒற்றி எடுத்துவிட்டு, எல்லாப் பக்கமும் தடவுங்கள். முந்தைய நாள் இரவே தடவி ஃப்ரிட்ஜில் வைத்தால் உப்பு உள்ளே இறங்கும்.

கிரில்லை 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 107 டிகிரி செல்சியஸில் வைத்து, துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். மூடியைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் மேலே செம்பழுப்பு நிறம் வந்துவிடும்.

பிறகுதான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். உள்வெப்பநிலை 150-லிருந்து 170 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் எங்கோ வந்ததும், மேலே ஏறாமல் அடம் பிடிக்கும். கிரில் ரிப்பேர் என்று பயப்பட வேண்டாம். கறியின் மேலிருந்து ஈரம் ஆவியாகும்போது அது கறியைக் குளிர்விக்கிறது. வியர்த்தால் நம் உடம்பு குளிர்கிற அதே கதைதான். இதை ‘ஸ்டால்’ என்கிறார்கள். ஆவியாவதைத் தடுத்தால் சூடு ஏறும். எனவே துண்டுகளை ஒரு அலுமினிய ட்ரேயில் போட்டு, கொஞ்சம் ஆப்பிள் ஜூஸ் ஊற்றி, ஃபாயிலால் இறுக்கி மூடி, கிரில்லை 250 டிகிரிக்கு ஏற்றுங்கள்.

இன்னும் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். 195-ஐத் தாண்டியதும் தெர்மாமீட்டர் ஊசியைக் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் தயார். பார்பிக்யூ சாஸ் தடவுவதாக இருந்தால் ஃபாயிலை எடுத்துவிட்டு, கடைசி 10, 15 நிமிடம் மட்டும். அதில் சர்க்கரை அதிகம் என்பதால் முன்னாடியே தடவினால் கருகிவிடும்.

லாயின் என்றால் இந்த ஃபாயில் கதையெல்லாம் தேவையில்லை. 225-ல் ஏறக்குறைய ஒரு மணி நேரம், துண்டு தடிமனாக இருந்தால் கொஞ்சம் கூட. உள்ளே 145 தொட்டதும் எடுத்து, மூன்று நிமிடம் ஆறவிட்டு வெட்டலாம்.

உள்ளே பிங்க்கா இருக்கே... வேகலையா?

நிறத்தை நம்பி முடிவு செய்யவே கூடாது. புகையில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறியின் மயோகுளோபினோடு சேர்ந்து, ஓரத்தில் ஒரு பிங்க் வளையத்தை உண்டாக்கும். நன்றாக வெந்த கறியிலும் இது இருக்கும். அதே நேரம், பிங்க் இல்லாத கறி பத்திரமானது என்றும் சொல்ல முடியாது.

அமெரிக்க விவசாயத் துறை 2011 வரை பன்றிக்கறிக்கு 160 டிகிரி ஃபாரன்ஹீட் என்று சொல்லி வந்தது. அந்த ஆண்டு முழுத் துண்டுகளுக்கு மட்டும் அதை 145 டிகிரியாகக் குறைத்து, மூன்று நிமிட ஓய்வையும் சேர்த்தது. கொத்துக்கறிக்கு இப்போதும் 160 தான். ஆகவே துண்டின் தடிமனான இடத்தில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்ப்பது மட்டுமே வழி. அது இல்லாமல் இந்தச் சமையலில் இறங்க வேண்டாம் என்பதே நம் கருத்து. கிரில்லின் டிஸ்ப்ளேயில் தெரிவது உள்ளே இருக்கும் காற்றின் சூடு, கறியின் சூடு அல்ல.

எதில் உஷாரா இருக்கணும்?

முதலாவது, இடம். மழை என்பதற்காக கேரேஜுக்குள்ளோ வீட்டுக்குள்ளோ பெல்லட் கிரில்லை ஏற்றவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. கதவைத் திறந்து வைத்தால் போதும் என்பது தவறான நம்பிக்கை.

அடுத்து கொழுப்பு. தோள்பட்டைக் கறி நிறையவே உருகி ஒழுகும். போன முறை ஒழுகியது தட்டில் அப்படியே இருந்தால், இந்த முறை அது தீப்பிடிக்கலாம். தட்டையும் நெருப்புக் கிண்ணத்துச் சாம்பலையும் சுத்தம் செய்துவிட்டுப் பற்ற வையுங்கள். தீப்பிடித்தால் மூடியைத் திறக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்காமல், ஆஃப் செய்யும் முறைப்படி ஃபேன் நிற்கும் வரை விடுங்கள். இல்லாவிட்டால் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் நெருப்பு திருகு வழியாகப் பெட்டிப் பக்கம் திரும்பும் வாய்ப்பு உண்டு.

பெல்லட் நனைந்தால் ஊதி, தூளாகி, திருகை அடைத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வீட்டைச் சூடாக்கும் அடுப்புக்கான பெல்லட் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கக் கூடாது. அதில் பைன் போன்ற பிசின் உள்ள மரங்கள் கலந்திருக்கலாம்.

உடல்நலக் கேள்வியும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் பதப்படுத்தப்பட்ட இறைச்சியை புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. புகையிடுதலும் அந்த வரையறைக்குள் வருகிறது. எப்போதாவது சாப்பிடுவது வேறு, வாராவாரம் சாப்பிடுவது வேறு.

மிச்சமானால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மூன்று, நான்கு நாள் தாங்கும். மறுபடி சூடாக்கும்போது உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். ட்ரேயில் தேங்கிய சாற்றை வீணாக்காமல் எடுத்து வைத்திருந்தால், அதை ஊற்றியே சூடாக்கலாம், கறி காயாது.