மொங் குடும்பத் தோட்டங்களில் பிள்ளைகளின் வேலை



தாய் தந்தையரோடு தோட்டத்திற்குச் செல்லும் பிள்ளைக்கு எந்த வேலையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது? மொங் இனத்தாரின் வரலாற்றைக்கொண்டு இதனை இன்று ஆராய்வோம்.

லாவோஸ் நாட்டு மலைகளில் வாழ்ந்த மொங் மக்கள் காட்டை வெட்டி எரித்து, அந்தச் சரிவில் நெல்லும் சோளமும் பயிரிட்டனர். பள்ளிக்கூடம் அரிதாயிருந்த அவ்வூர்களில் பிள்ளைகள் விளைநிலத்தில்தான் பாடம் கற்றனர். தம்பி தங்கையரை முதுகில் கட்டிச் சுமப்பது, கோழிக்கும் பன்றிக்கும் தீனி வைப்பது, களையெடுப்பது என வேலைகள் வயதுக்கேற்பக் கூடின. வேலை தெரிந்த பிள்ளையே குடும்பத்தைக் காக்கும் என்பது பெரியோர் எண்ணம்.

பின்னர் போர் வந்தது. 1961 முதல் அமெரிக்க உளவுத்துறை, வாங் பாவ் என்னும் தளபதியின் தலைமையில் மொங் ஆடவரை இரகசியப் போரில் ஈடுபடுத்தியது. பதின்ம வயதுச் சிறுவரும் துப்பாக்கி ஏந்தினர். 1975-இல் லாவோஸ் கம்யூனிஸ்டுகள் வசமானபோது, ஆயிரக்கணக்கானோர் மேக்கோங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களில் தஞ்சம் புகுந்தனர். அவர்களுள் பலர் அமெரிக்காவில் குடியேறினர்.

அங்கே மின்னசோட்டா, விஸ்கான்சின், கலிஃபோர்னியா மாநிலங்களில் பல குடும்பங்கள் மீண்டும் மண்ணை நாடின. சிறு நிலங்களில் காய்கறி பயிரிட்டுச் சந்தையில் விற்றன. நம் தோட்டங்களில் இருந்ததுபோல் ஆயாக் கொட்டகை அங்கில்லை. ஆகவே பிள்ளைகளும் பெற்றோரோடு சென்றனர். பழக்கம் பழையதாயினும் ஆபத்து புதியது. மண்வெட்டிக்குத் துணையாக டிராக்டரும் பூச்சிமருந்தும் வந்தன. டிராக்டரில் தொற்றிச் செல்லும் பிள்ளை தவறி விழுந்தால் சக்கரத்தில் சிக்கலாம். பிள்ளையின் உடல் சிறியதாகையால், பெரியவரைத் தாக்கும் அதே அளவு நஞ்சு அதற்கு அதிகக் கேடு செய்யும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1938-இல் இயற்றப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்ட அமெரிக்கத் தொழிற்சட்டம், கூலிக்குச் செல்லும் 16 வயதுக்குட்பட்டோர் ஆபத்தான பண்ணை வேலைகளைச் செய்வதைப் பொதுவாகத் தடுக்கிறது. ஆனால் பெற்றோரே நடத்தும் பண்ணையில் அத்தடை இல்லை. அங்கே பிள்ளையைக் காக்கும் பொறுப்பு முழுவதும் பெற்றோரையே சேர்கிறது.

இப்பெற்றோருக்குத் துணையாக 1999-இல் 62 பண்ணை வேலைகளுக்கு வழிகாட்டிக் குறிப்புகள் வெளியாயின. பிள்ளையின் கால் மிதிகட்டைக்கு எட்டுமா? சொன்ன முறையை மறவாமல் வரிசையாகச் செய்யுமா? பெரியவர் எவ்வளவு அருகில் நிற்கவேண்டும்? இப்படி, வயதை மட்டும் எண்ணாமல் பிள்ளையின் திறனையும் பார்க்கச் சொல்கின்றன அக்குறிப்புகள். மின்னசோட்டாவில் ஆய்வாளர்கள் மொங் குடும்பங்களோடு அமர்ந்து இவற்றைப் பரிசீலித்தனர்.

நேயர்களே, பிள்ளைக்கு வேலை பழக்கிய மொங் பெரியோர் தவறு செய்யவில்லை. அவர்கள் பிள்ளையின் வலுவை அறிந்தே கூடையின் சுமையை அளந்தனர். அதே கவனத்தை இயந்திரத்துக்கும் மருந்துக்கும் காட்டவேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்குத் தரும் பாடம். களையெடுக்கவும் காய் பறிக்கவும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்போம். டிராக்டரும் மருந்துத் தெளிப்பானும் இயங்கும் இடத்திலிருந்து அதனை விலக்கி வைப்போம்.