மாத்தளை தோற்கடித்த ஜனாதிபதி

இலங்கைக் குடியரசின் முதல் ஜனாதிபதி யாரென்று கூட்டாளிகளிடம் கேட்டுப் பாருங்க. அநேகம் பேர் ஜே.ஆர். என்றுதான் சொல்லுவாங்க. ஆனால் அவர் ஒரு மாத்தளைக்காரர். பெயர் வில்லியம் கோபல்லாவ.

துல்லேவவில் பிறந்து, மாத்தளையில் சட்டத்தரணியாகத் தொழில் பார்த்தவர். 1926இல் மாத்தளை நகரசபைக்குப் போனார். 13 வருஷம் உறுப்பினர், அதில் 5 வருஷம் தலைவர். 1936இல் அரசாங்க சபைத் தேர்தலில் மாத்தளைத் தொகுதியில் நின்றார். பெர்னார்ட் அலுவிகாரவிடம் தோற்றார்.

1939இல் நகரசபையை விட்ட பிறகு கிடைத்ததெல்லாம் நியமனப் பதவிகள்: கண்டி, கொழும்பு மாநகர ஆணையாளர், சீனத் தூதுவர், அமெரிக்கத் தூதுவர். 1962 மார்ச்சில் மகாதேசாதிபதி. 1972 மே 22இல் குடியரசு பிறந்ததும் அதே ஆள் ஜனாதிபதி. அதுவும் பிரதமர் பெயர் சொல்லி வந்த பதவிதான். மக்கள் வாக்குப் போடவில்லை.

சிறிமாவோ, டட்லி, திரும்பவும் சிறிமாவோ, கடைசியில் ஜே.ஆர். யார் ஆண்டாலும் நாட்டின் தலைமையில் 1978 பெப்ரவரி வரை இவர்தான் இருந்தார். அதிகாரம் பிரதமரிடம், முத்திரை இவரிடம்.

அந்தக் காலத்தில் மலையகத்துக்கு என்ன நடந்தது? 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஒதுக்கி வைத்தார்கள். மன்னாரில் இறங்கி, மாத்தளைப் பாதையால் நடந்து மலையேறிய ஆக்களின் பேரப்பிள்ளைகளை, தலைமன்னார் ரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். 1972 அரசியலமைப்பு, சிறுபான்மையினருக்கு இருந்த 29ஆம் பிரிவின் பாதுகாப்பையும் எடுத்துவிட்டது.

இதெல்லாம் கோபல்லாவ எடுத்த முடிவுகள் இல்லை. அவர் மறுத்திருந்தால் அந்த நாற்காலியில் இன்னொருவர் இருந்திருப்பார். அதனால் அவரைத் திட்டி முடித்துவிட்டுப் போவது லேசான வேலை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. 1936இல் மாத்தளை வாக்காளர் ஊரறிந்த பெரிய மனுஷனையே வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்து வந்த தேர்தல் சட்டமும், தோட்டத்து ஆக்களில் பெரும்பாலானோரிடமிருந்து அந்த வாக்கைப் பறித்துவிட்டன. 1964இல் கணக்குப் போட்டுப் பிரித்தவர்கள் யாரையும் அவர்களால் தோற்கடிக்க முடியவில்லை.

வாக்கு என்றால் ஒருவரை அனுப்புவது மட்டுமில்லை. 'நீ வேண்டாம்' என்று சொல்லுவதும்தான்.